மாப்பிள்ளையின் வருமானத்தைக் கண்டுபிடித்த மேடம்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் மதிப்பீடு

காரிமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜாதிச் சான்று, பட்டா, ஆதார் திருத்தம் என்று நாள் முழுக்க அரசாங்கத்தோடுதான் பிழைப்பு. எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னல், எந்த மனுவுக்கு எத்தனை நகல் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கே, செலவுக்குப் பணம் தராத கணவர் விஷயமாக என் தங்கைக்காக அலையும் வரை, குடும்ப வன்முறைச் சட்டத்தில் பெண்களுக்கு உதவப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் மாவட்டத்தில் இருப்பது தெரியாது. புரோட்டா கடைக்கும் செல்போன் கவருக்கும் ஆயிரம் பேர் மதிப்பெண் போடுகிறார்கள். இந்தச் சேவைக்கும் ஒருவர் போடட்டுமே.

தருமபுரியா கிருஷ்ணகிரியா, எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தங்கை கட்டிக்கொண்டு போனது ராயக்கோட்டைப் பக்கம். எங்கே மனு போட்டிருந்தாலும் போட்டிருக்கலாம், அவ்வளவுதான். அவள் இப்போது தங்கியிருக்கும் ஊர், கணவர் இருக்கும் ஊர், இரண்டில் எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று சட்டமே சொல்கிறது. அம்மா வீட்டுக்கு வந்த பெண் மறுபடி அவன் ஊருக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2023 பொங்கலுக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்த தங்கை திரும்பிப் போகவில்லை. காரணம் இங்கே வேண்டாம். மாப்பிள்ளை (இன்னும் வாயில் அதுதான் வருகிறது) முதல் மூன்று மாதம் இரண்டாயிரம், ஆயிரத்து ஐநூறு என்று அனுப்பினார். அப்புறம் போனை எடுக்கவில்லை. பாப்பாவின் ஸ்கூல் வேன்காரர் என் கடைக்கு வந்து பாக்கி கேட்கும் அளவுக்கு வந்தது.

முதலில் போன ஓர் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அறிவுரை கேட்டோம். "குழந்தை முகத்தைப் பார்த்து அனுசரிச்சுப் போம்மா" என்றார்கள். குழந்தை முகத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறோம் என்று தங்கை சொன்னாள். அதோடு அந்த இடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டோம். பிறகு 181 மகளிர் உதவி எண்ணுக்கு அவளே போன் செய்து, அங்கிருந்து வழி கேட்டு, 2024 ஆகஸ்டில் பாதுகாப்பு அலுவலரிடம் வந்து சேர்ந்தோம்.

சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு பீரோ, பீரோ மேல் கட்டுக்கட்டாய்க் கோப்பு. மேடத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தங்கை உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "மேடம், அவர் அடிக்கல. அதனால இங்க வரலாமான்னு தெரியல" என்பதுதான்.

"கடைசியா வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டது எந்த மாசம்?" என்று மேடம் கேட்டார்.

தங்கை யோசித்துச் சொன்னாள்.

"செலவுக்குப் பணம் கொடுக்காததும் இதுல வரும்மா. பொருளாதார வன்முறைன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு."

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. பெயரைக் கேட்டு, ரத்தக் காயத்தோடு போனால்தான் மதிப்பார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். இந்தச் சட்டத்தில் மனு போட விவாகரத்து வழக்கு நடக்க வேண்டியதில்லை. குழந்தைக்கும் சேர்த்தே பணம் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு ஜீவனாம்சம் (2024 ஜூலை 1க்குப் பிறகு புதுச் சட்டத்தில் அது 144ஆம் பிரிவு) தனி வழி. அதுவும் இருக்கிறது. ஆனால் அங்கே உங்களுக்காக விசாரிக்கப் போகும் ஆள் கிடையாது. இங்கே இருக்கிறார். நான் இதை எழுதுவதே அந்த ஆளைப் பற்றித்தான்.

முதல் நாளில் மேடம் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு மாதம் எவ்வளவு செலவு என்று எழுதச் சொன்னார். தங்கை ஒரு தாளில் வேன், டியூஷன், நோட்டு என்று எழுதி 3,200 என்று கூட்டிக் கொடுத்தாள். மேடம் பேனாவை எடுத்தார்.

"பாப்பா பால் குடிக்குதா?"

"குடிக்கும் மேடம்."

"இதுல காணோமே. செருப்பு? தலைக்கு எண்ணெய்? போன தடவை காய்ச்சல் வந்தப்போ டாக்டருக்கு எவ்வளவு? பொறந்த நாளுக்குத் துணி எடுக்க மாட்டீங்களா?"

"அதெல்லாம் அண்ணன் பாத்துக்கிறாரு."

"அண்ணன் பாத்துக்கிறதுதாம்மா கணக்கு. அது பாப்பாவோட அப்பா தர வேண்டியது. எழுது."

எழுத எழுத 6,850 வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் வாங்கிக் கொடுத்த சளி மருந்து 85 ரூபாயும் பட்டியலில் ஏறியபோது கூச்சமாக இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் இப்படித்தான் குறைத்து எழுதுவார்கள். கடையில் மனு எழுதிக் கொடுக்கும்போது நானே எத்தனையோ பேருக்குக் குறைத்து எழுதியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

குடும்ப நிகழ்வு அறிக்கை என்று ஒரு படிவம். அதை மேடமே நிரப்பினார். வக்கீலுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கடிதம் கொடுத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987ஆம் வருடச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எங்களுக்கு வந்தவர் இளம் வக்கீல், துடிப்பானவர். நகல் எடுக்கும் செலவு மட்டும்தான் எங்களுக்கு. அதுவும் சொந்தக் கடை. ஆனாலும் கணக்குக்காக ஒரு நோட்டில் குறித்து வைத்தேன்: இதுவரை 214 பக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை நீதிமன்றத்துக்கு வந்ததும் சொத்து, வருமானம் பற்றி ஓர் அஃபிடவிட் கொடுத்தார். இரண்டு பக்கமும் இப்படிக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4ஆம் தேதி ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் சொல்லிவிட்டது. படிவத்தில் வீடு, நிலம், வண்டி, கடன், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. மாப்பிள்ளை பெரும்பாலான கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். தான் ஒரு குட்டி யானை வண்டிக்குக் கூலி டிரைவர், நாளுக்கு 350 ரூபாய், மாதம் 26 நாள், ஆக மொத்தம் 9,100. வயதான தாயாரையும் பார்க்க வேண்டும். அந்தத் தாளை நகல் எடுத்தவனே நான்தான். மெஷினிலிருந்து சூடாக வந்த தாளைப் படித்துவிட்டுக் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஏனென்றால் அந்த வண்டி வாங்கிய அன்றைக்குப் பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்ததும் நான்தான்.

ஆனால் அதைச் சொல்லி என்ன பயன்? ஆர்.சி. புக் அவர் அம்மா பெயரில். எலுமிச்சம்பழம் சாட்சி சொல்லாது.

இங்கேதான் மேடத்தின் வேலை ஆரம்பிக்கிறது. இந்தச் சட்டத்துக்கான 2006ஆம் வருட விதிகளில் 10ஆவது விதியை யாரும் நமக்குச் சொல்வதில்லை. நீதிபதி எழுத்தில் உத்தரவு போட்டால், பாதுகாப்பு அலுவலர் நேரில் போய் விசாரித்து, எதிராளியின் சம்பாத்தியம், சொத்து, வங்கிக் கணக்கு பற்றி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். கவனியுங்கள்: நீதிபதி உத்தரவு போட்டால். அவராகவே கிளம்பிப் போய் வங்கியில் கேட்க முடியாது. அதனால் வக்கீலிடம் சொல்லி இதற்கென்று தனியாக ஒரு மனு போட வைக்க வேண்டும். நாங்கள் போட்டது மூன்றாவது வாய்தாவில்தான். முதல் வாய்தாவிலேயே போட்டிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் உத்தரவு வந்தது. மேடம் ராயக்கோட்டைக்குப் பேருந்தில் போனார். ஜீப் எல்லாம் கிடையாது. தோளில் ஒரு பை, கையில் தடித்த டைரி, கூடவே உத்தரவின் நகல். மாமியார் வீட்டில் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தக்காளி மண்டிக்குப் போனது தெரியும். மண்டியில் என் நண்பன் ஒருவன் எடை போடுகிறான், அவன் சொன்னான். மேடம் யாரையும் மிரட்டவில்லையாம். ஓரமாக நின்று டீ குடித்துவிட்டு, "இந்த வண்டி யாரோடது, யார் ஓட்டுறாங்க, ஒரு லோடு பெங்களூருக்குப் போனா வாடகை எவ்வளவு" என்று நாலு பேரிடம் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார். நாலு பேரும் ஒரே வாடகையைச் சொன்னார்கள்: 3,500. மண்டிக்காரர் மட்டும் "நமக்கெதுக்கு அம்மா அடுத்தவன் குடும்ப விஷயம்" என்று நழுவிவிட்டாராம். அதையும் டைரியில் எழுதிக்கொண்டாராம்.

அப்புறம் வங்கிக்குக் கடிதம். பதில் வர ஐந்து வாரம் ஆனது. வந்த ஸ்டேட்மென்ட்தான் கதையே.

ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி மாப்பிள்ளையின் கணக்கிலிருந்து வண்டி டியூ 11,460 ரூபாய் போகிறது. மாதம் 9,100 சம்பாதிக்கும் கூலி டிரைவர், அம்மா பெயரில் இருக்கும் வண்டிக்கு மாதம் 11,460 கட்டுகிறார். அது மட்டும் இல்லை. ஃபாஸ்டேக் அதே கணக்கோடு சேர்ந்திருந்தது. நவம்பர் மாதம் மட்டும் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் 38 பதிவு. போக 19, வர 19. ராத்திரி இரண்டரை மணி, இரண்டே முக்கால் என்று நேரத்தோடு. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் அந்தக் கம்பு தூக்கும் ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை தனக்கு எதிராக ஒரு வரி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அறிக்கை இரண்டே பக்கம். அதையும் நான்தான் நகல் எடுத்தேன், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. அதில் பொய், ஏமாற்று, மோசடி என்று ஒரு சொல் இல்லை. "பதிவுச் சான்றில் உரிமையாளராக உள்ளவருக்கு வயது 63. ஓட்டுநர் உரிமம் இல்லை. கடன் தவணை எதிர்மனுதாரர் கணக்கிலிருந்து செலுத்தப்படுகிறது. நவம்பர் மாதத்தில் 19 முறை சென்று திரும்பியது தெரிகிறது. விசாரித்த நால்வரும் வாடகை 3,500 எனத் தெரிவித்தனர்." இப்படியே போகும். டீசல், டியூ, ரிப்பேர் எல்லாம் போகக் கையில் என்ன நிற்கும் என்று அவர் கணக்குப் போடவில்லை. அதை நீதிபதிக்கு விட்டுவிட்டார். இருபது வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். இவ்வளவு அடக்கமாக எழுதி இவ்வளவு பலமாக அடிக்கலாம் என்று எனக்குத் தெரியாது.

இந்த இடத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு ஐந்து.

இப்போது குறைகள். அலுவலகப் போன் அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். மேடம் வெளியே போயிருந்தால் எப்போது வருவார் என்று சொல்லவும் ஆள் இல்லை. இரண்டு முறை காலையில் போய் மதியம் வரை காத்திருந்து திரும்பினோம். டவுன் பஸ்ஸில் தங்கைக்கு டிக்கெட் இல்லை, சரி. அன்றைய தையல் கூலி போனதற்கு யார் பொறுப்பு?

அறிக்கையின் முதல் பிரதியில் பாப்பாவின் வயது 9 என்பதற்குப் பதில் 19 என்று தட்டச்சாகியிருந்தது. சிரிக்காதீர்கள். இந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழே. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று, "19 வயதுப் பெண்ணுக்கு வேன் கட்டணமா?" என்று கேட்டுவிட்டார். திருத்திக் கொண்டுவர ஒரு வாய்தா போனது. மேடம் மன்னிப்புக் கேட்டார், தட்டச்சு செய்தது வேறு ஆள். நகலை அனுப்புவதற்கு முன் நானும் படித்தேன், நானும் கவனிக்கவில்லை. பாதிப் பழி எனக்கு.

சட்டத்தில் அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று இருக்கிறது. எங்களுக்கு இடைக்கால உத்தரவு வரவே எட்டு மாதம் ஆனது. முதல் சம்மன் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று திரும்பி வந்தது. ராத்திரி இரண்டரைக்கு அத்திப்பள்ளியில் இருப்பவர் பகலில் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்காமல் என்ன செய்வார்?

2025 ஏப்ரலில் உத்தரவு: பாப்பாவுக்கு 4,500, தங்கைக்கு 2,500, மனு போட்ட தேதியிலிருந்து. நாங்கள் கேட்டதில் முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் 9,100 சம்பளக்காரரிடமிருந்து இதில் பாதிகூட வந்திருக்காது என்று வக்கீல் சொன்னார்.

இனி வசூல். இதுதான் இந்தச் சேவையின் பலவீனமான கால். வெளியே பெஞ்சில் பழக்கமான ஓர் அக்காவின் கணவர் ஓசூர் சிப்காட்டில் வேலை. அவருக்கு நீதிமன்றம் கம்பெனிக்கே உத்தரவு போட்டுவிட்டது, சம்பளத்திலிருந்து பிடித்து நேராக அக்கா கணக்குக்கு. சட்டத்தின் 20ஆம் பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. சொந்த வண்டிக்காரரிடம் அது நடக்காது. அவருக்கு முதலாளி அவரேதான். ஏப்ரல், மே வந்தது. ஜூன், ஜூலை வரவில்லை. உத்தரவுப் பணம் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதும் பாதுகாப்பு அலுவலரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நாமாகப் போய்ச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். மேடம் சொன்ன ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாக்கியான பணத்துக்கு வாரண்ட் கேட்டு ஒரு வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். பாவம், போகட்டும் என்று விட்டுவிட்டால் பழைய மாதங்கள் கைநழுவிவிடும். கட்டாமல் இருந்தால் மாதத்துக்கு ஒரு மாதம் வரை சிறை வைக்கலாம். ஆனால் சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது, உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. மனு போட்ட தகவல் போய்ச் சேர்ந்த வாரத்தில் 14,000 வந்துவிட்டது. பழைய பாக்கி 56,000 தவணையாக வந்துகொண்டிருக்கிறது.

என் சின்ன மாமனார் பையன் அமெரிக்காவில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது, அங்கே இதற்கென்றே தனி அரசுத் துறை, விசாரணை அலுவலர்கள், எல்லாம் 1975இலிருந்தே இருக்கிறதாம். ஒருவர் புது வேலையில் சேர்ந்தால் கம்பெனி இருபது நாளுக்குள் அரசுக்குச் சொல்லியாக வேண்டுமாம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடைக்காதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை பாஸ்போர்ட்டுக்கு எங்கே போகப் போகிறார்? அவருக்கு அத்திப்பள்ளியில் கம்பு தூக்காமல் இருந்தால் போதும். அப்படி ஒரு சட்டம் வந்தால் நான் இலவசமாக நகல் எடுத்துக் கொடுக்கிறேன்.

அங்கே ஒரு துறையும் கம்ப்யூட்டரும் செய்யும் வேலையை இங்கே ஒரு பெண்மணி ஒரு டைரியோடு பேருந்தில் போய்ச் செய்கிறார். அதை நினைத்தால் மூன்று கொடுக்க மனம் வரவில்லை. போன் எடுக்காததை நினைத்தால் நான்கு கொடுக்கவும் மனம் வரவில்லை. ஐந்துக்கு மூன்றரை.

போகிறவர்களுக்கு: திங்கள்கிழமை போகாதீர்கள், மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தால் அலுவலகம் பாதி காலியாக இருக்கும். குழந்தையின் பிறப்புச் சான்று, கல்யாண போட்டோ, ஆதார், வேன் ரசீது, மருந்துச் சீட்டு எல்லாம் இரண்டு செட். அவருடைய வண்டி எண், போன் எண், எந்த வங்கியில் கணக்கு என்று தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், பழைய சிலிண்டர் புக், பழைய ரீசார்ஜ் சீட்டு உட்பட. எங்களுக்கு வங்கியின் பெயர் கிடைத்ததே தங்கையின் டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு பழைய செக் புத்தக அட்டையிலிருந்துதான்.

பணம் 10ஆம் தேதிக்குள் வர வேண்டும். வராவிட்டால் 11ஆம் தேதி காலையில் தங்கையும் நானும் அங்கே இருப்போம். அறைக்கு வெளியே இரண்டு பெஞ்சு இருக்கிறது. வலது பக்கத்துப் பெஞ்சில் உட்காருங்கள், இடது பக்கத்தது ஆடும்.